பி1 ஜெர்மன்: வேலையை விடாமல் தர்மபுரியிலிருந்தே படிக்க முடியுமா?

பென்னாகரம் நர்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்சி நர்சிங் முடித்துவிட்டு தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். ஜெர்மனிக்குப் போக வேண்டும் என்று ஆசை. ஆன்லைன் வகுப்பில் சேர்ந்து ஏ2 வரை தேறிவிட்டேன். இனி பி1, அதற்கப்புறம் பி2 (ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக ஏறும் மொழித் தேர்வு நிலைகள்).

பெங்களூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தேன். அங்கேயே ஹாஸ்டலில் தங்கி முழுநேரமாகப் படித்தால்தான் தேறும் என்கிறார்கள். கட்டணமும் ஹாஸ்டல் செலவும் போக, வேலையையும் விட வேண்டும். வீட்டு நிலைமைக்கு அது ஒத்துவராது.

என் பிரச்சினை இதுதான். பாடத்தைப் படித்தால் புரிகிறது. கேட்டாலும் பாதிக்கு மேல் பிடிபடுகிறது. பேசச் சொன்னால் வாய் கட்டிப்போகிறது. வார்த்தைகளை நோட்டில் பத்துப் பத்து தடவை எழுதுகிறேன், ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பாதி போய்விடுகிறது. நைட் ட்யூட்டி முடித்து வந்து புத்தகத்தைத் திறந்தால் தூக்கம் சொக்குகிறது. எந்த மொழியாக இருந்தாலும் சரி, வேலை பார்த்துக்கொண்டே வெளிநாட்டு மொழி படித்தவர்கள் எப்படிப் படித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

சும்மா ஒருத்தன்

ஆப் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள் சிஸ்டர். தினம் பத்து நிமிஷம். விளையாட்டு மாதிரி போய்விடும்.

லேத்து மெஷின்

பத்து நிமிஷத்தில் ஒன்றும் நடக்காது தம்பி. ஆப் கெட்டது என்று சொல்லவில்லை, பஸ்ஸில் போகும்போது தட்டலாம். ஆனால் நான்கு விடையில் ஒன்றைத் தொடுவது வேறு, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து ஒரு வாக்கியத்தை வாயால் கொண்டுவருவது வேறு. தேர்வில் இரண்டாவதைத்தான் கேட்பார்கள்.

நான் ஓசூரில் ஒரு ஆலையில் மெஷின் ஷாப்பில் இருக்கிறேன். ஜப்பானிலிருந்து பொறியாளர்கள் வந்து போவார்கள். அவர்களோடு பேசத்தான் ஜப்பானிய மொழி தொடங்கினேன், இப்போது ஐந்து தேர்வு நிலைகளில் நடு நிலையான என்3 படிக்கிறேன். உங்களைப் போலவே ஷிஃப்ட் வேலைதான்.

முதலில் நேரக் கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி சொல்லிக்கொடுக்க ஒரு பள்ளி நடத்துகிறது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் வேலை செய்யும் அளவுக்குத் தேற ஜப்பானிய மொழிக்குச் சுமார் 2200 வகுப்பு மணி நேரம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. ஜெர்மனுக்கு அதில் பாதிக்கும் குறைவு. நமக்கு இது அப்படியே பொருந்தாது, அதை அப்புறம் சொல்கிறேன். ஆனால் கணக்குப் போடுவது நூற்றுக்கணக்கான மணி நேரத்தில்தான், நிமிஷத்தில் இல்லை.

அடுத்து வார்த்தை மறந்துபோகும் விஷயம். பத்து தடவை எழுதுவதை இன்றே நிறுத்துங்கள். மூன்றாவது தடவை எழுதும்போதே கைதான் வேலை செய்கிறது, மூளை தூங்கிவிடும். 2008இல் கார்பிக், ரோடிகர் என்ற இரண்டு பேர் கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களை அர்த்தத்தோடு கொடுத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒருமுறை சரியாகச் சொன்ன சொல்லை சிலர் திரும்பத் திரும்பப் பார்த்துப் படித்தார்கள், ஆனால் அதில் மறுபடி சோதிக்கப்படவில்லை. சிலரைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டு நினைவிலிருந்து எடுக்க வைத்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், கேள்வி கேட்கப்பட்டவர்களுக்கு 80 சதவீதம்போல நின்றது. பார்த்துப் படித்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான். மனதிலிருந்து எடுக்க எடுக்கத்தான் சொல் நிற்கும்.

அதனால் அட்டை போடுங்கள். ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் ஜெர்மன். தமிழைப் பார்த்து ஜெர்மனை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்ன அட்டையைச் சில நாள் தள்ளி வையுங்கள், தப்பாகச் சொன்னது நாளைக்கே திரும்ப வரட்டும். லைட்னர் என்ற ஜெர்மன்காரர் 1970களில் பெட்டிகள் வைத்து இதைச் செய்யச் சொல்லிக்கொடுத்தார். இப்போது அன்கி என்ற மென்பொருள் அந்தக் கணக்கைத் தானே போட்டுக்கொள்கிறது. கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐஃபோனில் மட்டும் காசு கேட்பான்.

தக்காளி மண்டி

என்னங்க இது, அட்டை, பெட்டி, சோதனை! ராயக்கோட்டை மண்டிக்கு ஒரு நாள் காலையில் வந்து பாருங்கள். லாரிக்காரரிடம் கன்னடம், ஆந்திராவிலிருந்து வரும் வியாபாரியிடம் தெலுங்கு, பக்கத்துக் கடை பாயிடம் உருது, வீட்டில் தமிழ். நான் எட்டாவதோடு நின்றவன். ஒரு இலக்கணப் புத்தகமும் தொட்டதில்லை. எந்த மொழியில் பேரம் பேசினாலும் ஒரு பெட்டிக்குப் பத்து ரூபாய் ஏமாற மாட்டேன்.

சிஸ்டர், பேசினால்தான் பேச்சு வரும். தப்பாகப் பேசுங்கள், சிரித்தால் சிரிக்கட்டும். வாய் கட்டிப்போகிறது என்கிறீர்களே, அது வெட்கம். மொழி தெரியாததால் இல்லை.

பாலக்கோடு வாத்தியார்

மண்டிக்காரர் சொல்வதில் பாதி நிஜம். மீதிப் பாதியையும் சொல்லிவிட வேண்டும்.

தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே குடும்பம். வாக்கியத்தின் கட்டு ஒன்றுதான், சொல்லை மாற்றிப் போட்டால் பாதி வேலை முடிந்தது. உருது அந்தக் குடும்பம் இல்லைதான், ஆனால் சின்ன வயதிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கும். இருபது முப்பது வருஷம் தினமும் பல மணி நேரம் கேட்ட கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை. லேத்துத் தம்பி சொன்ன மணி நேரத்தை நீங்கள் மண்டியிலேயே கட்டிவிட்டீர்கள், ரசீதுதான் கையில் இல்லை.

இன்னொன்று. ஐயா, கன்னடத்தில் ஒரு கடிதம் எழுதச் சொன்னால் எழுதுவீர்களா? இந்தப் பெண்ணுக்கு அதுவும் வேண்டும். தேர்வில் மின்னஞ்சல் எழுதச் சொல்வார்கள், கருத்தை எழுதச் சொல்வார்கள். மண்டி வழி மட்டும் போதாது.

இதில் கனடாவில் நடந்த ஒன்று கவனிக்கத்தக்கது. அங்கே ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளை, பாடங்கள் பிரெஞ்சில் நடக்கும் பள்ளிகளில் சேர்த்தார்கள். பல வருஷம் படித்த பிள்ளைகள் கேட்டுப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு நெருக்கமாக வந்துவிட்டார்கள். பேச்சிலும் எழுத்திலும் மட்டும் இலக்கணப் பிழை போகவில்லை. மெரில் ஸ்வேய்ன் என்ற ஆய்வாளர் 1985இல் இதை வைத்துத்தான், கேட்டுப் புரிந்தால் மட்டும் போதாது, தானே பேசியும் எழுதியும் தடுமாறி, எங்கே ஓட்டை என்று உணர வேண்டும் என்று எழுதினார். அம்மா, உங்கள் நிலையும் இதுவே. புரிகிறது, வாய் வரவில்லை. புரிந்துகொள்ளும் பயிற்சியை மட்டும் எடுத்தால் அதுதான் வளரும்.

தக்காளி மண்டி

வாத்தியார் ஐயா, கடிதம் எழுத வராதுதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்குப் பில் மூன்று மொழியிலும் படிப்பேன்!

காவேரிப்பட்டணத்தாள்

பென்னாகரம் தங்கச்சிக்கு: நானும் நர்ஸ்தான். இப்போது ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் வேலை. ஊர் காவேரிப்பட்டணம். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் பதில் போடாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும்.

நம் ஊர்ப் பிள்ளைகள் ஜெர்மனில் திணறுவதற்கு முக்கியக் காரணம், அதை ஆங்கிலம் வழியாகப் படிப்பது. புத்தகம் ஆங்கிலத்தில், டீச்சர் விளக்குவது ஆங்கிலத்தில், குறிப்பு எடுப்பதும் ஆங்கிலத்தில். நமக்கே ஆங்கிலம் அரைகுறை. அதன் மேல் இன்னொரு மொழியைக் கட்டினால் இரண்டும் ஆடும். தமிழிலிருந்து நேராக ஜெர்மனுக்குப் போங்கள். பல இடத்தில் ஆங்கிலக்காரனைவிட நமக்குச் சுலபம்.

ஜெர்மன் சொற்களைப் பேச்சுக்காக இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், உங்கள் நோட்டில் இப்படி எழுதாதீர்கள்.

'எனக்குக் குளிருகிறது' என்பதற்கு ஜெர்மனில் 'மியர் இஸ்ட் கால்ட்'. 'மியர்' என்றால் எனக்கு. ஆங்கிலத்தில் யோசிக்கிறவர்கள் 'நான்' என்று ஆரம்பித்து 'இஹ் பின் கால்ட்' என்பார்கள், அது நான் ஈரமில்லாத, மனசாட்சியில்லாத ஆள் என்ற மாதிரி போய் நிற்கும். தமிழில் யோசித்தால் அந்தத் தப்பே வராது. நமக்கு ஏற்கெனவே 'எனக்கு'தான் வருகிறது. எனக்குப் பிடிக்கிறது, எனக்கு வலிக்கிறது, எல்லாம் அதே போக்கு.

அடுத்து எல்லோரும் பயப்படுகிற அக்குசாட்டிவ், டாட்டிவ். நம் இரண்டாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை என்று நினைத்தால் முக்கால்வாசி இடத்தில் ஒத்துப்போகும். யாரை, எதை என்று கேட்டால் அக்குசாட்டிவ். யாருக்கு என்று கேட்டால் டாட்டிவ். இடம் சொல்லும்போது மட்டும் கணக்கு வேறு. சமையலறையில் இருக்கிறேன் என்றால் 'இன் டேர் க்யூஹெ', சமையலறைக்குப் போகிறேன் என்றால் 'இன் டீ க்யூஹெ'. 'இல்' வருகிற இடத்தில் டாட்டிவ், போய்ச் சேருகிற 'கு' வருகிற இடத்தில் அக்குசாட்டிவ். ஆங்கிலம் வழியாக இதைப் படித்தபோது எனக்கு மண்டை காய்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தமிழில் எழுதிப் பார்த்தேன், அன்றோடு தெளிந்தது.

துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போகும். அதுவும் நமக்குப் பழக்கம்தான். 'ஏனென்றால்' என்ற அர்த்தத்தில் 'வைல்' வந்தால், அந்தத் துண்டின் வினையைக் கடைசியில் வைக்க வேண்டும். ஆனால் முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்க வேண்டும். அங்கே தமிழ் உதவாது, பழகத்தான் வேண்டும்.

தமிழ் கைவிடுகிற இன்னொரு இடம் பால். நமக்கு உயர்திணையில்தான் ஆண்பால், பெண்பால். அங்கே கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி அஃறிணை மாதிரி மூன்றாவது பால். டேர் லோஃபல், டீ காபல், டாஸ் மெஸ்ஸர். சாப்பாட்டு மேசையில் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். இதற்குக் காரணம் தேடாதீர்கள். அட்டையில் எழுதும்போது பெயர்ச்சொல்லைத் தனியாக எழுதாமல் டேர், டீ, டாஸ் சேர்த்தே எழுதுங்கள், சேர்த்தே சொல்லுங்கள். '-உங்', '-ஹைட்', '-கைட்' என்று முடிந்தால் பெண்பால், '-ஹென்' என்று சின்னதாக்கிச் சொன்னால் மூன்றாவது பால். இந்த மாதிரி ஒரு சில முடிவுகள் தெரிந்தாலே நிறையச் சொற்கள் அடங்கிவிடும்.

பென்னாகரம் நர்ஸ்

அக்கா, குளிர் விஷயம் படித்துச் சிரித்துவிட்டேன். போன வாரம் வகுப்பில் அப்படியேதான் ஒருத்தி சொன்னாள், டீச்சரும் ஏன் தப்பு என்று விளக்கவில்லை. நன்றி அக்கா. பேசுவதற்கு என்ன வழி? பென்னாகரத்தில் ஜெர்மன்காரரை எங்கே தேடுவது? ஒகேனக்கல்லுக்கு எப்போதாவது வருகிற வெள்ளைக்காரரைப் பிடித்து நிறுத்தினால்தான் உண்டு.

லேத்து மெஷின்

அக்கா சொன்னதற்கு ஜப்பானிய மொழியிலிருந்து சாட்சி சொல்கிறேன். 2200 மணி நேரம் நமக்கு அப்படியே பொருந்தாது என்றேனே, இதுதான் காரணம்.

ஜப்பானிய மொழியில் வினை கடைசியில்தான். 'ஐ', 'கு', 'உடைய' மாதிரி உருபுகள் சொல்லுக்குப் பின்னால் ஒட்டும். எங்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்த சார் 'தே' வடிவம் என்று ஒன்றை மூன்று வாரம் நடத்தினார். கடைசியில் பார்த்தால் அது நம் வினையெச்சம். சாப்பிட்டுப் பார் என்பதற்கு 'தபெதெ மிரு'. தபெதெ என்றால் சாப்பிட்டு, மிரு என்றால் பார். அங்கேயும் 'பார்' என்றால் முயன்று பார்ப்பதுதான். வாங்கி வை என்பதற்கும் அவர்கள் 'வை' என்ற வினையைத்தான் ஒட்டுகிறார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர்கள் சொல்வதைப் பிரித்துப் பார்த்தால் நம் 'போய் வருகிறேன்'. அன்றிலிருந்து நான் ஆங்கிலக் குறிப்பை மூடிவிட்டேன்.

கஷ்டம் வேறு இடத்தில். சீனத்திலிருந்து வந்த 'கஞ்சி' என்கிற எழுத்து. பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் 2136 இருக்கின்றன. அதற்குத் தமிழ் ஒரு உதவியும் செய்யாது.

சும்மா ஒருத்தன்

அப்படியானால் தமிழும் ஜப்பானிய மொழியும் ஒரே மொழியிலிருந்து வந்தவை என்று யூடியூபில் சொல்கிறார்களே, நிஜம்தானா?

பாலக்கோடு வாத்தியார்

சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் அப்படி ஒரு கருத்தைச் சொல்லி நிறைய எழுதினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. கட்டமைப்பு ஒத்திருப்பதால் உறவு என்று ஆகிவிடாது. துருக்கி, கொரிய மொழிகளிலும் வினை கடைசியில்தான் வருகிறது. படிக்கிறவருக்கு அந்தச் சண்டை தேவையில்லை. ஒத்திருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ரியாத் ரிட்டர்ன்

கிருஷ்ணகிரியிலிருந்து நானும் வருகிறேன். சவுதியில் டிரைவராக இருந்தவன். அரபி பேச வரும், எழுத வராது.

அங்கே போகிற நம் ஆட்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஊரில் புத்தகம் வைத்துப் படித்துவிட்டு வருவார்கள். அது செய்தி வாசிக்கிற அரபி. முதலாளி பேசுவது வேறு அரபி. நம் மேடைத் தமிழும் வீட்டுத் தமிழும் மாதிரி. புத்தக அரபியில் பேசினால் அவர்களுக்குப் புரியும், ஆனால் அவர்கள் திருப்பிச் சொல்வது நமக்குப் புரியாது. எதற்காகப் படிக்கிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

இன்னொன்று, வளைகுடாவில் கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் இந்தி, உருது. கிருஷ்ணகிரியில் வளர்ந்ததால் உருது காதுக்குப் பழக்கம், அதிலேயே காலம் ஓடிவிடும். நான் அரபி கற்றது முதலாளியின் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற வேலை வந்த பிறகுதான். கிழவருக்கு வேறு மொழி தெரியாது. காரில் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே வருவார். மூன்றாவது மாதம் அவர் சொல்கிற கதைக்குச் சரியான இடத்தில் சிரித்தேன், கிழவருக்குப் பரம சந்தோஷம்.

பாலக்கோடு வாத்தியார்

ரியாத்காரர் சொன்னது பழைய அனுபவம்தான். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் செந்தமிழுக்கு ஒரு இலக்கணம், கொடுந்தமிழுக்கு ஒரு இலக்கணம் என்று தனித்தனியாகவே எழுதினார். இரண்டும் வேறு என்று வெளியாளுக்கு உடனே உறைத்துவிடுகிறது.

ஜெர்மன் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ் கற்க அகராதியும் இல்லை, வகுப்பும் இல்லை. ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரை அழைத்து வந்து, பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். அவர் எழுதி வைத்திருக்கிற தினசரி ஒழுங்கைப் பாருங்கள்: காலை ஏழிலிருந்து எட்டு வரை முன்பு கற்ற சொற்களையும் தொடர்களையும் திருப்பிப் பார்ப்பது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, இதுவரை படிக்காத தமிழ் நூல்களை ஒரு வயதான புலவர் துணையோடு படிப்பது. பக்கத்தில் ஒரு எழுத்தர் உட்கார்ந்து, புதிய சொற்களையும் தொடர்களையும் எழுதிக்கொள்வார். பழையதைத் திருப்புவது முதலில், புதியது பிறகு. நம்மில் பலர் தலைகீழாகச் செய்கிறோம். புதுப் பாடம், புதுப் பாடம் என்று ஓடுகிறோம்.

பென்னாகரம் அம்மாவுக்கு எழுத்தர் இல்லை, கைப்பேசி இருக்கிறது.

காவேரிப்பட்டணத்தாள்

தங்கச்சி, பேசுவதற்கு ஜெர்மன்காரர் தேவையில்லை. பி1 பேச்சுத் தேர்வையே இரண்டு மாணவர்களைச் சோடியாக உட்கார வைத்துத்தான் நடத்துகிறார்கள். எதிரில் பேசப்போவது உங்களைப் போல ஒரு பெண்ணோ பையனோதான். முதல் பகுதி, இருவரும் சேர்ந்து ஒன்றைத் திட்டமிடுவது. இரண்டாவது, ஒரு தலைப்பைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுவது. மூன்றாவது, அடுத்தவர் பேசியதற்குக் கருத்துச் சொல்லிக் கேள்வி கேட்பது. அரூரிலோ ஊத்தங்கரையிலோ உங்களைப் போலப் படிக்கிற இன்னொரு நர்ஸைப் பிடித்துக்கொண்டு போனில் பேசினால் போதும். 'அடுத்த ஞாயிறு ஒகேனக்கல் போகலாமா, பஸ்ஸா காரா, யார் சாப்பாடு கட்டுவது, மழை வந்தால் என்ன செய்வது' என்று இருவரும் ஜெர்மனில் சண்டை போடுங்கள். அதுதான் முதல் பகுதி.

பேசியதை ரெக்கார்ட் செய்து மறுநாள் கேளுங்கள். எங்கே சொல் கிடைக்காமல் 'ஆ... ஊ...' என்று இழுத்தீர்களோ அந்த இடம்தான் அன்றைய பாடம். அந்தச் சொல்லைத் தேடி அட்டையில் போடுங்கள். யாரோ தயாரித்த ஆயிரம் அட்டையைவிட நீங்கள் தடுமாறிய நூறு சொல் அட்டை மேல். பி1க்கு வேண்டிய சொற்பட்டியலை, தேர்வு நடத்துகிற கோத்தே நிறுவனமே இலவசமாக வெளியிட்டிருக்கிறது, சுமார் 2400 சொல். அதை மனப்பாடம் செய்ய வேண்டாம். மாதம் ஒரு தடவை எடுத்து, எது தெரியாது என்று டிக் செய்ய மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காதுக்கு: டாய்ச்சே வெல்லெ என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் செய்தியை மெதுவாக வாசித்துப் போடுகிறது, எழுத்து வடிவமும் கூடவே இருக்கும். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். அப்புறம் பார்த்துக்கொண்டு கேளுங்கள். மூன்றாவது தடவை, வாசிப்பவர் குரலின் நிழல்போல, அரை நொடி பின்னால் நீங்களும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போங்கள். நாக்கு சுளுக்கும். பரவாயில்லை. நைட் ட்யூட்டி முடிந்த காலையில் இலக்கணம் ஏறாது, இது ஏறும். இலக்கணத்தை வார ஓய்வு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எண்களைத் தனியாகப் பழகுங்கள். இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஜெர்மனில் ஒன்றின் இடத்தை முதலில் சொல்வார்கள். 96 என்றால் 'ஆறும் தொண்ணூறும்' என்கிற மாதிரி வரும். ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளின் நிலையை ஒப்படைக்கிற நேரத்தில் படபடவென்று சொல்லிக்கொண்டே போவார்கள். ஆக்சிஜன் அளவு 96ஐ 69 என்று எழுதினால் என்ன ஆகும் என்று நர்ஸுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வார்டில் பிரஷர், டெம்பரேச்சர் குறிக்கும்போதெல்லாம் மனதுக்குள் ஜெர்மனில் ஒரு தடவை சொல்லிக்கொள்ளுங்கள். அதற்குத் தனி நேரமே வேண்டாம்.

பென்னாகரம் நர்ஸ்

எண்கள் விஷயம் இன்றைக்கே ஆரம்பிக்கிறேன் அக்கா. ஒரு சந்தேகம். நோட்டில் தமிழ் எழுத்தில் எழுத வேண்டாம் என்றீர்களே, ஏன்? நான் உச்சரிப்பை எல்லாம் தமிழில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

லேத்து மெஷின்

இதற்கு நான் சொல்கிறேன். தமிழில் ஒரே 'க' எழுத்துதான் இரண்டு ஒலிக்கும். ஜப்பானிய மொழியில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'கின்'தான். முதல் ஒலி மட்டும்தான் வேறு. தமிழில் எழுதிப் படித்தவன் நகைக்கடையில் மாட்டிக்கொள்வான். ஹிரகானா என்ற அடிப்படை ஜப்பானிய எழுத்து வரிசை 46 எழுத்து, ஒரு வாரத்து வேலை. அதை முதலில் முடித்துவிட்டுத்தான் மற்றது.

ஆனால் குறில் நெடில், ஒற்று இரண்டும் நமக்கு லாபம். அந்த மொழியில் ஒரு நெடிலைக் குறிலாகச் சொன்னால் பாட்டி அத்தையாகிவிடுவாள். ஆங்கிலக்காரர்கள் இதில் திணறுவார்கள், நமக்குக் காது ஏற்கெனவே தயார்.

காவேரிப்பட்டணத்தாள்

ஜெர்மனிலும் அதே கதைதான். மேலே இரண்டு புள்ளி வைத்த உகர ஒலிக்குத் தமிழில் எழுத்தே இல்லை. உதட்டை 'உ' சொல்வது மாதிரிக் குவித்துக்கொண்டு, உள்ளே நாக்கால் 'ஈ' சொல்லுங்கள், வரும். கண்ணாடி முன்னால் நின்று செய்தால் சீக்கிரம் வரும், வீட்டில் சிரிப்பார்கள்.

சும்மா ஒருத்தன்

இவ்வளவு கஷ்டம் எதற்கு? தர்மபுரி நாலு ரோட்டில் ஒரு ஏஜென்சி போர்டு பார்த்தேன். மொழியே தேவையில்லை, பணம் கட்டினால் ஜெர்மனி வேலை என்று போட்டிருந்தது.

காவேரிப்பட்டணத்தாள்

தம்பி, அந்தப் பக்கமே போகாதீர்கள். நர்ஸாக அங்கீகாரம் வாங்க ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் பி2 கேட்கிறார்கள். மொழி வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், வேலை வேறு ஏதோ, அல்லது வேலையே இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண் இப்படி ஒரு இடத்தில் ஒரிஜினல் சான்றிதழைக் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்குவதற்குள் பட்ட பாடு போதும். அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். சான்றிதழ் நகல் போதும், ஒரிஜினல் யாருக்கும் வேண்டாம்.

தக்காளி மண்டி

தங்கச்சி, ஒரு யோசனை. அந்த அரூர்ப் பெண் கிடைக்கிற வரை நான் போனில் வருகிறேன். எனக்கு ஜெர்மன் தெரியாது, அதனால் நீங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தக்காளி, பீன்ஸ், எடை, விலை. சொல்லிக்கொடுத்தால் உங்களுக்கு மறக்காது. பேரம் நான் கற்றுத்தருகிறேன்!

பாலக்கோடு வாத்தியார்

விளையாட்டாகச் சொன்னாலும் அது நல்ல யோசனைதான். அடுத்தவருக்கு விளக்கும்போதுதான் நமக்கு எது தெரியவில்லை என்று தெரியும். இத்தனை வருஷம் வகுப்பெடுத்தவன் சொல்கிறேன்.

லேத்து மெஷின்

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். தேர்வுக்கு ஏற்ற பயிற்சி வேண்டும். நாங்கள் எழுதுகிற ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் பேச்சுத் தேர்வே கிடையாது, எழுதவும் வேண்டாம், விடையைக் குறித்தால் போதும். எங்கள் ஆலையில் என்3 பாஸ் செய்த ஒருவர் ஜப்பானியர் முன்னால் வாய் திறக்க மாட்டார். உங்கள் ஜெர்மன் தேர்வில் படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது நான்கும் இருப்பது ஒரு விதத்தில் நல்லது.

பென்னாகரம் நர்ஸ்

மண்டி அண்ணா, கண்டிப்பாகச் சொல்லித்தருகிறேன். தக்காளி விலை ஏறும்போது மட்டும் போனை எடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

அக்கா, கடைசியாக ஒன்று. நான்கு பகுதியையும் ஒரே நாளில் எழுதியே ஆக வேண்டுமா? படிப்பதும் கேட்பதும் இப்போதே எழுதினால் வந்துவிடும் என்று தோன்றுகிறது. பேச்சுக்கும் எழுத்துக்கும்தான் நாள் வேண்டும்.

காவேரிப்பட்டணத்தாள்

கோத்தே பி1இல் நான்கும் தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் 100க்கு 60 வேண்டும். தனித்தனியாகவும் எழுதலாம், போனதை மட்டும் திரும்பவும் எழுதலாம். பெங்களூர், சென்னை இரண்டிலும் மையம் இருக்கிறது. உங்களுக்கு பெங்களூர் பக்கம். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், பதிவு திறக்கிற தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்பதில் ஒரு எச்சரிக்கை. கேட்கும் தேர்வுக்குள்ளேயே நான்கு பகுதி உண்டு, அதில் இரண்டை ஒரே ஒரு முறைதான் ஒலிபரப்புவார்கள். வீட்டில் நிறுத்தி நிறுத்திக் கேட்டுப் பழகியிருந்தால் அங்கே தவறவிடுவீர்கள். மாதிரித் தாளை ஒரு தடவை, நிறுத்தாமல், நைட் ட்யூட்டி இல்லாத நாளில் போட்டுப் பாருங்கள். அதில் 75 வந்தால் பதிவு செய்யுங்கள். 60க்குப் பக்கத்தில் நின்றால் இன்னும் ஒரு மாதம் செய்தி கேளுங்கள், பணம் மிச்சம். எழுதிய மின்னஞ்சல்களை எனக்கு இங்கேயே தனிச்செய்தியில் அனுப்புங்கள், ஞாயிறு ஓய்வில் திருத்தித் தருகிறேன். வாரத்துக்கு ஒன்று, அதற்கு மேல் அனுப்பினால் பார்க்க மாட்டேன்.